மிளகுப் பொட்டலத்து ஆங்கிலம்

கோட்டாறு சந்தையில் வாப்பாவுக்கு மிளகு, சுக்கு வியாபாரம். பொட்டலம் கட்டுவதற்குத் திருவனந்தபுரத்திலிருந்து பழைய பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வரும். தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் அதில் கலந்து கிடக்கும்.

எங்கள் தெருவில் அதுவரை யாரும் காலேஜ் படி ஏறியதில்லை. அங்கே சேர ஒரு பரீட்சை உண்டு, ஆங்கில வார்த்தைகளைத்தான் குடைந்து குடைந்து கேட்பார்கள் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். பாடப்புத்தகத்து வார்த்தைகள் போதாது என்று உம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு அரபு எழுத்து தவிர வேறெதுவும் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் மறுநாளே பத்திரிகைக் கட்டை அவிழ்த்து, எழுத்தின் சாயலைப் பார்த்தே ஆங்கிலத் தாள்களைத் தனியே எடுத்து வைத்தாள். நான் வாசித்து முடிக்காமல் அவை கடைக்குப் போகக் கூடாது என்று வாப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

கோர்ட் வழக்கு, ஏலம், கப்பல் வரத்து என்று அதில் எல்லாம் இருந்தது. தெரியாத வார்த்தைக்கு முதலில் நானே ஒரு அர்த்தம் யோசித்து வைப்பேன். பிறகு பள்ளிக்கூடத்து அகராதியில் பார்ப்பேன். நினைத்தது சரியாக இருந்தால் அன்று முழுக்க என் நடையே வேறு. வீட்டுக்கு வந்து அந்த வார்த்தையை வைத்து ஒரு வாக்கியம் சொல்வேன். உம்மா தேங்காய் துருவிக்கொண்டே, "அதைத் தமிழில சொல்லு மக்கா" என்பாள். தமிழில் சொல்லத் திணறினால், வார்த்தை எனக்கு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். மறுபடியும் அகராதிக்குப் போவேன்.

பரீட்சையன்று எழுதி முடித்ததும் எங்களைச் சிலர் சிலராக உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர், 'சால்வேஜ்' என்றால் என்ன என்று கேட்டார். ஒருவன் காட்டுமிராண்டி என்றான். அதற்குச் சொல் வேறு, 'சாவேஜ்'. கப்பல் உடைந்தால் கடல் கொண்டுபோகுமுன் சரக்கை மீட்டெடுப்பது என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வாக்கியம் கேட்டார். குளச்சல் கரையில் தரைதட்டிய கப்பலிலிருந்து மிளகு மூட்டைகளை மீட்டதாக ஒன்றைச் சொன்னேன்.

எங்கே படித்தாய் என்று கேட்டார். பள்ளிக்கூடம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை.

"என் தகப்பனார் கடையில் மிளகு பொதிகிற தாளில்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு மேலும் பல வார்த்தைகள் கேட்டார். ஒன்றிரண்டு தெரியவில்லை, தெரியாது என்றேன். கடைசியில், காலேஜ் திறக்கிற அன்று வந்துவிடு என்று சொல்லி அனுப்பினார்.

நேரே சந்தைக்கு ஓடினேன். வாப்பா யாருக்கோ சுக்கு நிறுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தராசைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஆளிடம், "நம்ம மவன் காலேஜுக்குப் போறான்" என்றார்.

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குத் தவிர பகலில் கடையைச் சாத்தாத மனுஷன் அன்று மத்தியானமே சாத்தினார். வீட்டுக்குக் குறுக்கு வழி இருந்தது. வாப்பா என்னைக் கடைத்தெரு வழியாகத்தான் கூட்டிக்கொண்டு போனார். யார் என்ன கேட்டாலும் நின்று, என் தோளில் கை போட்டபடி பதில் சொன்னார்.