எண்ணெய் வடியும் முகம்

என் முகத்தில் எண்ணெய் வடியும். பேச்சுக்குச் சொல்லவில்லை. விடியற்காலையில் தேய்த்துக் கழுவிவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனால், முதல் நிரை மரங்கள் முடிவதற்குள் நெற்றியும் மூக்கும் பளபளக்க ஆரம்பித்துவிடும். மூக்கின் இரு பக்கமும் கன்னங்களிலும் தோல் துளைத்துளையாக, இடியாப்ப அச்சின் அடிப்பக்கம்போல இருக்கும். தோட்டக் குடியிருப்பான லயத்துப் பையன்கள் என்னை நிறுத்தி, இரண்டு அப்பளம் பொரித்துக்கொள்ளட்டுமா என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவேன். உள்ளுக்குள் அவர்களை அடித்துத் துவைக்க வேண்டும்போல இருக்கும்.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் சுங்கைப்பட்டாணி டவுனுக்குப் போகும்போது முகத்துக்குப் பூச ஸ்னோவும் பவுடரும் வாங்கி வருவேன். ஆம்பிளைக்கு எதற்கு இது என்று கடைக்காரர் கேட்டால் அக்காவுக்கு என்பேன். எனக்கு அக்காவே கிடையாது. வீட்டில் அம்மாவும் நானும்தான்.

ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். ஸ்னோ, பவுடர் மட்டுமா போயின? மலாயாவுக்கே நெல் விளைகிற கெடா மாநிலத்தில் இருந்துகொண்டு அரிசியைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. தேங்காயெண்ணெய் மருந்துக்குக்கூடக் கிடைக்காது. பாதித் தோட்டத்தில் பால் வெட்டு நின்றுபோய், மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டோம். மூன்று வேளையும் அதையே அவித்துத் தின்றோம். எங்கள் சுங்கை லாலாங் தோட்டத்து லயத்தில் இருந்த எல்லாருக்கும் தோல் வறண்டு, கை காலில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. பிள்ளைகளுக்குச் சிரங்கு. பெண்களின் தலைமுடி எண்ணெய் காணாமல் செம்பட்டையாகிவிட்டது.

அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன் மட்டும் மின்னிக்கொண்டு திரிந்தேன். அவித்த கிழங்கைத் தின்றும் என் தோலுக்கு எங்கிருந்துதான் எண்ணெய் வந்ததோ, சனியன், நிற்கவே இல்லை.

ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டு அம்மாள் என் அம்மாவிடம் கேட்டாள். "தாளிக்கிற வாசம் வெளிய வராம எப்படிக்கா சமைக்கிறீங்க? எங்களுக்கும் சொல்லிக் கொடுங்கலா."

அம்மா வாளியைப் பாதியில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நாங்கள் எண்ணெயைப் பதுக்கி வைத்துத் தின்கிறோம் என்று லயம் முழுக்கப் பேச்சாம். இனிமேல் வெளியே போகும்போது மூஞ்சியை நன்றாகத் துடைத்துக்கொண்டு போ என்று எரிந்து விழுந்தாள். அடுப்புச் சாம்பலைக் கரைத்துக் கழுவினேன். தோல் எரிந்தது, எண்ணெய் குறையவில்லை. அம்மா காயவைத்திருந்த மரவள்ளி மாவில் ஒரு சிட்டிகை எடுத்துப் பவுடர் மாதிரி பூசிக்கொண்டு போனேன். வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து அது மதியத்துக்குள் பசையாகி, காய்ந்து, கன்னத்தில் வெடித்துக்கொண்டு நின்றது. தின்கிற மாவை மூஞ்சியில் பூசியிருக்கிறான் என்று ஒரு கிழவர் காறித் துப்பினார். அவர் துப்பியது நியாயம்தான். அன்று எனக்குச் செத்துப்போகலாம்போல இருந்தது.

இந்த நிலைமையில்தான் எனக்குப் பெண் வந்தது. சிப்பாய்களுக்குப் பயந்து, பெண்ணைப் பெற்றவர்கள் அவசர அவசரமாகத் தாலி கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். பக்கத்து ஊரான செமிலிங்கில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர், பாசாரில் நான் கிழங்கு விற்றுக்கொண்டிருந்தபோது எதிரே நின்று என் முகத்தையே பார்த்தார். கிழங்கைப் பார்க்கவில்லை. அருவருப்பில் பார்க்கிறார் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கு ஐந்து பெண்கள் என்றும், கடையில் இப்போது வெறும் அலமாரித் தட்டுகள்தான் இருக்கின்றன என்றும் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அடுத்த வாரமே, மூத்த பெண்ணுக்கு என்னைக் கேட்டு ஆள் அனுப்பினார். வீட்டைப் பார்க்க நேரில் வருகிறாராம்.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கோ ஒரே கவலை. பாசார் வெயிலில் பார்த்த முகத்தை அவர் வீட்டுக்குள் கிட்டத்தில் பார்க்கப்போகிறாரே.

பால் வெட்டுகிறவனுக்கு ஒன்று தெரியும். கையில் சிந்திய பால் காய்ந்தபின் உரித்தால், தோலில் இருக்கிற அழுக்கையெல்லாம் ஒட்டுப்பால் இழுத்துக்கொண்டு வந்துவிடும். கைக்குச் செய்வது முகத்துக்குச் செய்யாதா? மரத்தில் கட்டியிருந்த மங்குக் கிண்ணத்துப் புதுப்பாலை எடுத்து மூக்கிலும் கன்னத்திலும் நெற்றியிலும் தடவி, மரத்தடியில் காயும்வரை உட்கார்ந்திருந்தேன். உரித்தபோது உயிர் போயிற்று. இடது புருவத்தில் பாதியும் அதனோடு வந்துவிட்டது. ஆனால் உரித்த ஒட்டுப்பாலைத் திருப்பிப் பார்த்தால், துளைகளில் இருந்த கொழுப்பு வெள்ளை வெள்ளைப் புள்ளியாக அதில் ஒட்டியிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

அதோடு விட்டிருக்கலாம். துளைகள் காலியாகிவிட்டன, இனி அவற்றை மூட வேண்டும் என்று என் புத்தி ஓடியது. பாலை உறைய வைக்கிற ஆசிட், சுருங்கி இறுக வைக்கிறதுதானே? ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கொட்டகையில், ஜாடியின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து, உரிந்த தோலில் ஒற்றினேன். வாளித் தண்ணீருக்குள் தலையை விட்டும் எரிச்சல் அடங்கவில்லை. மறுநாள் முகம் முழுக்கச் சிவப்பும் கொப்புளமும்.

அந்த முகத்தோடுதான் அவர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்ததும் சற்றுப் பின்வாங்கினார். தொத்துவியாதி என்று எண்ணியிருக்க வேண்டும். மகன் அழகுக்காக ஆசிட் பூசிக்கொண்டான் என்று எந்த அம்மா சொல்லுவாள்? அவள் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"எண்ணெ தெறிச்சிடுச்சுண்ணே. வடை சுட்டுக்கிட்டு இருந்தேன், இவன் பக்கத்துல வந்து நின்னுட்டான்."

"வடையா?" என்றார் அவர். வேறொன்றும் கேட்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வருகிற நல்ல நாளிலேயே முடித்துக்கொள்ளலாம் என்றார். பொய் பலித்தது, என் முகம் தப்பித்தது என்று நான் மூச்சு விட்டேன். அதற்குமேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

கோயிலில் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டித் தாலி ஏறியது. கொப்புளங்கள் ஆறியிருந்தன. எண்ணெய், பழைய பாக்கியையும் சேர்த்து வடிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை நான் சமையலறைக்குள் போனபோது, என் மனைவி பானைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"எண்ணெ எங்க வச்சிருக்கீங்க?"

இல்லை என்றேன். புரியாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"பாசார்ல பாத்துட்டு வந்து அப்பா சொன்னாரு. அந்தப் பையன் மூஞ்சியில எண்ணெ வழியுது, அந்த வீட்டுல நீ பசியில்லாம இருப்பேன்னு. வடை கூடச் சுடுறாங்களாம்னு தங்கச்சிங்ககிட்ட சொல்லிச் சொல்லி சிரிச்சாரு."

இது பிறந்ததிலிருந்தே என் தோலில் ஊறுவது, வீட்டில் கிழங்கைத் தவிர ஒன்றுமில்லை என்றேன். ஆசிட் பூசிக்கொண்டதையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. மூடிகளை எடுத்து ஒவ்வொரு பானையாக மூடிக்கொண்டே வந்தாள். என் வாழ்நாளில் அப்படி நான் கூசி நின்றதில்லை.

அந்த வாரமே மாமனார் மகளைப் பார்க்க நடந்தே வந்தார். கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன போத்தலை எடுத்தார். அதைக் கழுவிக் காயவைத்துக் கொண்டு வந்திருந்தார். சின்னதுகளுக்குச் சிரங்கு உடம்பெல்லாம் பரவிவிட்டது, தடவ ஒரு சொட்டு எண்ணெய் போதும் என்று மகளைப் பார்க்காமல் சொன்னார். அம்மா அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி போத்தலை வாங்கிக்கொண்டாள்.

"இன்னிக்குத் தீந்து போச்சுப்பா. வந்ததும் நெறச்சுக் கொடுத்து விடுறேன்."

"அவசரம் இல்லம்மா," என்றார்.

அவரை வழியனுப்ப ரோடு வரைக்கும் நடந்தேன். நல்ல வெயில். முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினேன், முடியவில்லை, அப்படியே கீழே போட்டேன். அவர் நின்று, மூக்கிலிருந்து தாடைவரை பளபளத்துக்கொண்டிருந்த என் முகத்தை ஒருதரம் ஆசையோடு பார்த்தார். பிறகு நிம்மதியாகச் சிரித்துவிட்டு, வெறுங்கையோடு செமிலிங்கை நோக்கி நடந்தார்.