இரணைமடுவிலிருந்து பலூன் பம்ப் வரை: நான் மறைத்த பத்தரை மணித்தியாலம்

இது சுற்றுலா அல்ல. போன செவ்வாய்க்கிழமை அப்பாவின் நெஞ்சு நோவுடன் இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணம் போன பயணம். இதே வழியில் யாராவது அவசரமாகப் போக நேரலாம் என்பதால் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் தங்கியிருக்கும் அறையில் அம்மா பக்கத்தில் நித்திரை. போன் வெளிச்சம் தெரியாமல் போர்வைக்குள் இருக்கிறேன்.

அப்பா இரணைமடுக் குளத்தில் மீன் பிடிப்பவர். திங்கள் பின்னேரம் ஆறரைக்கு, நெஞ்சும் இடது தோளும் இறுகுவதாகச் சொன்னார். வலை இழுக்கிறவர்களுக்கு வரும் எந்த நோவும் எங்கள் பக்கத்தில் வலை நோதான். எண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு ஒருக்காப் போவமோ பிள்ளை?"

மறுநாள் எனக்குக் கணிதச் சோதனை. அம்மா உடையார்கட்டு ஊரில் சின்னம்மா வீட்டில். "வலை நோதானே அப்பா, படுங்கோ" என்றேன்.

காலை ஐந்து மணிக்குப் பார்த்தால் உடம்பு சில்லிட்டு, வியர்வையில் நனைந்து கிடந்தார். பக்கத்து வீட்டு ஓட்டோவில் கிளிநொச்சிக்கு எட்டுக் கிலோமீற்றர், இருபது நிமிடம், ஆயிரம் ரூபாய். (அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஓட்டோவில் ஒட்சிசன் இல்லை.) நோ எப்போது தொடங்கியது என்று அங்கே கேட்டார்கள். "இப்ப, அஞ்சு மணிக்கு" என்றேன்.

இரத்த அழுத்தம் ஏறவில்லை. இதயத்துக்கு இரத்தத்தைத் தள்ளப் பலம் போதவில்லை என்றார்கள். ஆறு நாற்பதுக்கு அம்புலன்ஸ் புறப்பட்டது. அறுபத்தைந்து கிலோமீற்றர். அப்பாவுடன் பின்னால் தாதிமார் இருந்தார்கள். ஆனையிறவில் முன் இருக்கையிலிருந்து நான் திரும்பித் திரும்பிப் பார்க்க, சாரதி சொன்னார்: "பின்னால பாக்காத பிள்ளை. அவையள் பாப்பினம். நீ உப்பளத்தைப் பார்."

யாழ்ப்பாணத்தில் இதய வைத்தியர் மறுபடி நேரம் கேட்டார். "முதல்நாள் பின்னேரம் ஆறரை, டொக்டர்." அவர் ஏசவில்லை, எழுதிக்கொண்டார். ஏசியிருக்கலாம்.

இதயக் குழாயில் இருந்த அடைப்பை எடுத்த பிறகு, தொடை நாடி வழியாக ஒரு பலூனை இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய இரத்தக் குழாய்வரை ஏற்றினார்கள். இதயம் ஓயும்போது அது விரிகிறது, அடிக்கும்போது சுருங்குகிறது. "இது வருத்தத்தை மாத்தாது. களைச்ச இதயத்துக்குக் கொஞ்சம் தோள் குடுக்கும். எல்லாருக்கும் சரிவரும் எண்டு சொல்லேலாது" என்றார் வைத்தியர்.

இன்று அந்தப் பலூனை இயக்கும் பம்ப்பை இரண்டு துடிப்புக்கு ஒருமுறையாகக் குறைத்தார்கள். அழுத்தம் விழவில்லை, இதயம் தானாகத் தாங்கியது. அப்பா கதைத்தார். ஏன் நேரத்தோடு சொல்லவில்லை என்று அம்மா அழுதபோது, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. நான்தான் சொல்லேல்லை."

அம்மா என் தலையைத் தடவினார். "நீயாவது கெதியாக் கொண்டு வந்தாய்."

நான் "ஓம்" என்றேன்.

போகிறவர்களுக்கு: பார்வை நேரம் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை. பலூன் இருக்கும் காலை மடக்க விடாதீர்கள், எழுப்பி இருத்தாதீர்கள். நோ தொடங்கிய நேரத்தை முதல் ஆளிடமே சரியாகச் சொல்லுங்கள். எங்களுடையது ஆறரை. அது வைத்தியரின் கோப்பில் இருக்கிறது, அப்பாவுக்குத் தெரியும். ஆறரைக்கே அப்பா என்னிடம் சொன்னதை அம்மாவுக்கு இன்னும் நான் சொல்லவில்லை.