நைட்டிக்குள் ஒரு சுடிதார்

நான் ஆபீசுக்குக் கிளம்பப் போகிறேன் என்பதை என் மகள் முதன்முதலில் எதை வைத்துக் கண்டுபிடித்தாள்? சன்ஸ்கிரீன் வாசனையா, லிப்ஸ்டிக் நிறமா, லெக்கிங்ஸா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, மீதியை நிம்மதியாகப் போட்டுக்கொண்டு போயிருப்பேன்.

அவளுக்கு மூன்று வயது ஆகப் போகிறது. அவள் பிறந்தது முதல் வீட்டிலேயே இருந்த நான், போன வருஷம் தில்லைநகரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த வாரத்திலேயே அவள் என்னைப் படித்து முடித்துவிட்டாள். குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றால் போதும், எந்த அறையில் இருந்தாலும் ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொள்வாள்.

"நைட்டி போடும்மா! நைட்டி போடு!"

அழுகையின் ஊடே வருவது இந்த ஒரே கோரிக்கைதான். அவளுடைய கணக்கு எளிமையானது. நைட்டியில் இருந்தால் அம்மா வீட்டில் இருப்பாள். வேறு எதில் இருந்தாலும் போய்விடுவாள்.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. என் கணவருக்குத் திருவெறும்பூர் பக்கம் தொழிற்சாலையில் வேலை. அவர் யூனிஃபார்ம் மாட்டி, ஷூவை டொக் டொக்கென்று தட்டிப் போட்டு, ஊருக்கே கேட்கும்படி பைக்கை உதைத்துக் கிளம்புவார். அவள் மாடியிலிருந்து சிரித்துக்கொண்டே கையாட்டுவாள். நான் ஒரு சொட்டு சன்ஸ்கிரீனை விரலில் எடுத்தால் வீடு இரண்டாகும்.

"நீ மேக்கப் போடுறதைப் பாத்துப் பயப்படுறா போல" என்றார் அவர்.

"உங்க யூனிஃபார்ம் கிரீஸைப் பாத்துப் பயப்படாத குழந்தையா?" என்றேன்.

ஸ்ரீரங்கத்தில் கிழக்குச் சித்திரை வீதிக்குப் பக்கத்துச் சந்தில், மாடிப் போர்ஷனில் இருக்கிறோம். மாமனார் மாமியார் மருங்காபுரியில் நிலத்தை விட்டு வர முடியாது. எங்களோடு இருப்பவள் என் நாத்தனார். வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்ப்பவள். குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்பவளும், எனக்கு முகப்பூச்சு வகைகளைத் தேர்ந்தெடுப்பவளும் அவள்தான். ரிவ்யூ படிக்காமல் ஒரு சீப்புகூட வாங்க மாட்டாள்.

துப்பறியும் வேலையை முதலில் சன்ஸ்கிரீனில் ஆரம்பித்தோம். என்னிடம் இருந்தது தேங்காயும் மருந்தும் கலந்த மாதிரி மணக்கும். "வாசனையே இல்லாதது இருக்கு அண்ணி" என்று அவள் ஒன்றை வரவழைத்தாள். வாசனை இல்லை, உண்மைதான். ஆனால் என் நிறத்துக்கு அது முகத்தில் வெள்ளையாகவே நின்றது. நெற்றியில் திருமண் இட்டவர்கள் நடமாடும் வீதியில், முகம் முழுக்க விபூதி பூசியவள் போல நான் நடக்க வேண்டியிருந்தது. சன்ஸ்கிரீன் செய்கிறவர்கள் ஒரே ஒரு நாள் மத்தியானம் காவேரிப் பாலத்தில் ஸ்கூட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டுச் செய்தால் நன்றாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். குழந்தை அந்த வெள்ளை முகத்தைப் பார்த்து இன்னும் பலமாக அழுதாள். அதற்கு அவளைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது லிப்ஸ்டிக். உதட்டின் நிறத்திலேயே இருக்கும், போட்டதே தெரியாது என்று சொல்லி ஒன்று விற்கிறார்கள். யாருடைய உதட்டின் நிறம் என்று அவர்கள் சொல்வதில்லை. அதைப் போட்டுக்கொண்டு போன அன்று, "என்ன, காய்ச்சலா?" என்று ஆபீசில் எல்லோரும் கேட்டார்கள். பழைய மெரூனுக்கே திரும்பினேன். அழுகையில் மாற்றமில்லை. கண் மையை விட்டேன், வளையலைக் கழற்றினேன், லெக்கிங்ஸுக்குப் பதில் காட்டன் பேன்ட்டுக்கு மாறினேன். பேன்ட்டில் பை இருந்தது ஒன்றுதான் லாபம். பெண்கள் துணியில் பை வைத்துத் தைக்க இத்தனை யோசிக்கிறவர்கள், நைட்டியில் மட்டும் தாராளமாக வைப்பது ஏன் என்று புரியவில்லை.

நைட்டியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பவை எல்லாம் தெப்பக்குளம் பக்கத்துக் கடைகளில் வாங்கியவை. எந்தச் செடியிலும் பூக்காத பூக்கள் அவற்றில் பூத்திருக்கும். ஆனால் அது போல உபகாரமான உடை வேறு கிடையாது. மேலே ஒரு துப்பட்டாவைப் போட்டுவிட்டால் காய்கறிக் கடை, பால் பூத், மருந்துக் கடை எங்கே வேண்டுமானாலும் போகலாம். கழுத்து முதல் கால் வரை மூடிய துணிக்கு மேல் அந்தத் துப்பட்டா எதை மறைக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. இல்லாமல் போனால் தெருவே பார்க்கும். இருந்தால் யாரும் திரும்பக்கூட மாட்டார்கள்.

இந்த மகிமையைத்தான் என் நாத்தனார் பயன்படுத்தச் சொன்னாள்.

"அண்ணி, சுடிதார் மேலயே நைட்டிய மாட்டிக்கங்க. பாப்பாகிட்ட பால் வாங்கப் போறேன்னு சொல்லுங்க. கீழ போய்க் கழட்டி வண்டில போட்டுக்கங்க. மூஞ்சிய தெரு முனையில பாத்துக்கலாம்."

"குழந்தைய ஏமாத்துற மாதிரி இருக்காது?"

"தெனமும் அழ விடுறது மட்டும் நல்லாவா இருக்கு?"

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால் என்னால் எந்த முடிவும் எடுக்க முடியாது. அதனால் அவளே எடுத்துவிட்டாள்.

திட்டம் அற்புதமாக நடந்தது. "கடைக்குப் போயிட்டு வரேன் தங்கம்" என்பேன். இட்லியிலிருந்து தலையைத் தூக்காமல் டாட்டா காட்டுவாள். படிக்கட்டின் அடியில் நைட்டியைக் கழற்றுவேன். வீதி முனையில் ஸ்கூட்டர் கண்ணாடியில் சன்ஸ்கிரீன், பொட்டு, லிப்ஸ்டிக். அங்கே பூக்கட்டும் அக்கா, "இடது பக்கம் கொஞ்சம் வெளிய போயிருக்கு பாரு" என்று சரிபார்த்து அனுப்புவார். சாயங்காலம் உதட்டைத் துடைத்து, மறுபடி நைட்டியை மாட்டி, கையில் ஒரு பால் பாக்கெட்டோடு படியேறுவேன். காலையில் போன பால், விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்து சேரும். அவள் ஒன்றும் கேட்டதில்லை. நாளெல்லாம் பால் வாங்கும் அம்மா மேல் அவளுக்கு முழு நம்பிக்கை இருந்தது. அதை நினைத்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு நாள் அவள் இட்லியை விட்டுவிட்டு, அத்தை கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை இறங்கி வந்துவிட்டாள்.

"பால் வாங்கவாம்மா?"

"ஆமா தங்கம். இதோ வந்துடுவேன்."

அவள் எதிரில் கழற்ற முடியாது. நைட்டியோடு வண்டியை எடுத்தேன். முனையில் கழற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முனைக்குப் போய் முகத்தை முடித்து, லிப்ஸ்டிக்கை மூடும்போது நாதஸ்வரம் கேட்டது. பெருமாள் புறப்பாடு. வண்டியை ஓரம் கட்டி, துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு கும்பிட்டு நின்றேன். மெரூன் உதடும் பூப்போட்ட நைட்டியுமாக நான் நின்றது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. தோளில்தான் துப்பட்டா இருந்ததே. பெருமாள் நகர, கூட்டம் நகர, மணியைப் பார்த்துப் பதறி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பறந்தேன்.

மாம்பழச்சாலை சிக்னலில் பக்கத்து பஸ்ஸிலிருந்து ஓர் அம்மாள் என்னையே பார்த்தார். லிப்ஸ்டிக் நன்றாக இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாலத்தின் மேல் காற்றில் ஏதோ படபடவென்று அடித்தது. துப்பட்டா என்று நினைத்தேன்.

ஆபீஸ் வாசலில் என் மேலதிகாரி காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கண்டிப்பான அம்மாள். என்னைப் பார்த்ததும் அவர் முகம் அப்படியே இளகிப்போனது.

"ஏம்மா, கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லையா? லீவு சொல்ல இப்படியா நேர்ல ஓடி வருவாங்க? போன் பண்ணா போதாதா?"

குனிந்து பார்த்தேன்.

"இல்ல மேடம்... வேலைக்குத்தான் வந்தேன்."

"வேலைக்கா?"

"உள்ள சுடிதார் இருக்கு மேடம்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டது என்று தெரிந்தது. நிரூபிக்கும் அவசரத்தில் அங்கேயே நைட்டியைத் தலை வழியாகக் கழற்றினேன். ஹெல்மெட்டோடு கழற்றினேன். சிக்கிக்கொண்டது. மேடம்தான் இழுத்துவிட்டார். "இன்னும் உள்ள எத்தனை இருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த முதல் நாள் அது.

நைட்டியைச் சுருட்டி ஹேண்ட்பேக்கில் திணித்தேன். அன்று முழுக்க ஆபீசின் கேலி என்னை விடவில்லை. அந்தக் கூச்சத்தில் சாயங்காலம் எல்லாம் மறந்துபோனது. உதட்டைத் துடைக்கவில்லை, நைட்டியை மாட்டவில்லை, பால் வாங்கவில்லை. சுடிதாரோடு படியேறி வந்து நின்றேன்.

அவள் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"பால் எங்கம்மா?"

நான் பையை இறக்கி வைப்பதற்குள் அதிலிருந்து தொங்கிய துணியை இழுத்தாள். நைட்டி முழுவதும் வெளியே வந்தது. அதைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள்.

"நைட்டி ஆபீஸ் போச்சா?"

என் நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும் சிரிப்புதான் வந்தது. குழந்தை அழவில்லை, அது நல்லதுதானே என்றுகூட நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை புரிந்தது. சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். நைட்டிதான், வெறும் நைட்டி. அவள் மெல்லப் பின்னால் வந்து, நைட்டியின் கீழ்விளிம்பைத் தூக்கி, உள்ளே பேன்ட் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை என்றதும் விட்டுவிட்டு விளையாடப் போனாள். சற்று நேரம் கழித்து மறுபடி வந்து பார்த்தாள். அன்று முழுக்க அப்படித்தான்.

"எங்க ஃபேக்டரி கேட்லகூட இவ்ளோ செக்கிங் கெடையாது" என்றார் கணவர். நான் சிரிக்கவில்லை. அவளிடம் நிச்சயம் என்று இருந்தது அந்த ஒரு துணிதான். அதையும் நான் கெடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவளைக் கட்டிலில் உட்கார வைத்து, அவள் எதிரிலேயே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டேன். "அம்மா ஆபீஸ் போறேன். சாயங்காலம் வந்துடுவேன்" என்றேன். எதிர்பார்த்தபடியே அழுதாள். சன்ஸ்கிரீனுக்கு அழுதாள், மைக்கு அழுதாள். லிப்ஸ்டிக்கைத் திறந்தபோது சட்டென்று நிறுத்தி, அதன் மூடியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"இது எனக்கு."

"மூடி இல்லாம எப்படிடா எடுத்துட்டுப் போறது? குடு தங்கம்."

"நீ வந்து வாங்கிக்கோ."

மூடியை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு டாட்டா காட்டினாள். அழாமல்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். காலையில் மூடி அவளிடம், லிப்ஸ்டிக் என்னிடம். சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடி வந்து திருப்பித் தருகிறாள். நைட்டியைத் தூக்கிப் பார்ப்பதையும் மெல்ல மெல்ல விட்டுவிட்டாள்.

ஆனால் மூடியில்லாத லிப்ஸ்டிக்கை வைத்துக்கொண்டு திருச்சி வெயிலில் ஒரு பெண் எப்படிப் பிழைப்பது? பாலிதீன் கவரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுப் பார்த்தேன். உருகிக் கசிந்து, சீப்பு, சாவி, கைக்குட்டை, ஆபீஸ் அடையாள அட்டையில் என் மூக்கு எல்லாம் மெரூன். போகிற இடத்துக்கு எடுத்துப் போகாமல் வீட்டிலேயே வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அதற்கு அவள் சம்மதிப்பதில்லை. எடுத்துப்போனால்தான் திரும்பி வருவேனாம்.

என் நாத்தனார் அதே நிறத்தில் இன்னொன்று வரவழைத்துவிட்டாள். "ரெண்டு மூடி இருந்தா முடிஞ்சுது அண்ணி. ஒண்ணு பாப்பாகிட்ட, ஒண்ணு பையில. அவளுக்கு எங்க தெரியப் போவுது?" நியாயம்தான். செலவானதும் ஆனது. ஆனாலும் பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அது எனக்குச் சுருட்டி வைத்த இன்னொரு நைட்டி போலவே தெரிகிறது. அதிகமாக யோசிக்கிறேனோ என்றும் தோன்றுகிறது. வெறும் மூடிதானே?

இதைப் படிக்கிறவர்களில் சின்னக் குழந்தையை விட்டு வேலைக்குப் போகிறவர்கள் இருப்பீர்கள். அந்த இரண்டாவது மூடியை நான் எடுக்கலாமா, கூடாதா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அப்படியே, மூடி இல்லாமல் வெயிலைத் தாங்கும் மெரூன் லிப்ஸ்டிக் ஏதாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதையும் எழுதுங்கள். சித்திரை வருவதற்குள் எழுதினால் என் பை பிழைக்கும்.