யாரோ ஒருவர் போட்ட கடைசி டிரை

எங்கள் ஹெக்ஸ்லி ரக்பி லீக் கிளப்பின் எழுபதுகளின் கனவு அணியில் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுப்பதற்குள் எங்கள் கமிட்டிக்கு மூச்சு முட்டிவிட்டது. மூன்று ஞாயிறு, முப்பது தட்டு இறைச்சி பஃப்ஸ், இரண்டு சண்டை. பதின்மூன்றாவது ஆள், வலது ஓர ஆட்டக்காரன். அந்த இடத்துக்கு ஊரே ஒரே பெயரைத்தான் சொன்னது. தொந்தரவு என்னவென்றால், அவனுக்குப் பெயரே கிடையாது.

அந்தக் காலத்தில் பதினைந்து பேர் ஆடும் யூனியன் ரக்பிக்காரன் எங்கள் பதின்மூன்று பேர் ஆட்டத்தில் ஒருநாள் ஆடினாலும் போதும், ஆயுசுக்கும் யூனியன் கிளப் வாசலை மிதிக்க முடியாது. அதனால் சோதனைக்கு ஆட வருகிறவனின் பெயரை மறைத்து, பட்டியலில் ‘யாரோ ஒருவர்’ என்று போடுவோம். எழுபத்து மூன்றில் அப்படி வந்த ஒருவன், பக்கத்து ஊர் கிராக்டனுக்கு எதிராக, எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தி நாலு டிரை போட்டு ஒரே பாயிண்டில் ஜெயிக்க வைத்துவிட்டு, முகத்துச் சேற்றைக்கூடக் கழுவாமல் போய்விட்டான். அப்புறம் ஆளையே காணோம்.

அவன் நெவில் ஹெல்லிவெல் என்று யார் நினைத்தார்கள்? முப்பது வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டிய மனுஷன். ஸ்டாப்புக்கு ஓடி வருகிறவர்களுக்காக நிறுத்தி நிறுத்தியே ஒருநாளும் நேரத்துக்குப் போய்ச் சேராதவன். அவன் மாமனார் யூனியன் கிளப்பின் தலைவர். விஷயம் வெளியே தெரிந்திருந்தால் ஐரீனைக் கட்டியிருக்கவே முடியாது. அன்றைக்கு அவளிடம் பல் பிடுங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். திரும்பும்போது கன்னம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்ததால் அவளும் நம்பி, ஒரு வாரம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாளாம்.

மாமனார் போய்ச் சேர்ந்தார். நெவிலும் ஓய்வு பெற்றான். கனவு அணியின் பெயர்களைக் கிளப் பலகையில் தங்க எழுத்தில் எழுதப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஆசையை அடக்க முடியவில்லை. ஐரீனிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, கோட்டு டை எல்லாம் போட்டுக்கொண்டு அவளோடு வந்து நின்றான். அங்கே பார்த்தால், ‘நான்தான் அவன்’ என்று ஏற்கனவே ஆறு பேர் வரிசையில்! அதில் ஒருவர் எழுபத்து மூன்றில் என்னோடு மூன்றாம் வகுப்பில் இருந்தவர். அடப்பாவிகளா!

எங்கள் கமிட்டித் தலைவர் பெர்சி அம்ப்ளர்தான் அந்த எழுபத்து மூன்று ஆட்டத்தில் ‘யாரோ ஒருவருக்கு’ப் பந்து கொடுத்தவர். “சத்தம் போடாதீங்கப்பா. கடைசி டிரையை எந்த இடத்துல போட்டீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க” என்றார்.

“ரெண்டு கம்பத்துக்கும் நட்டநடுவுல!” என்றான் வரிசையில் முதலில் நின்ற டெஸ் போக்சன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. மற்ற ஐந்து பேரும் அதையே சொன்னார்கள்.

நெவில் தொண்டையைச் செருமினான். “மூலைக் கொடிக்குப் பக்கத்துல. ஆனா போடலையே பெர்சி. தரையில அழுத்துறதுக்கு முன்னாடியே பந்து கையை விட்டு நழுவிடுச்சு. ரெஃப்ரி சேத்துல வழுக்கி மல்லாக்கக் கிடந்தாரு, பாக்கல. நீதான ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு, ‘வாயை மூடிட்டு சிரிடா’ன்னு காதுல சொன்ன?”

பெர்சியின் முகம் செத்துப்போயிற்று. இவன்தான் அவன், சந்தேகமே இல்லை. ஆனால் இவனை ஒத்துக்கொண்டால் கிராக்டனை ஜெயித்ததே பொய்யாகிவிடுமே! அவர்கள் காதில் விழுந்தால் நாங்கள் கடைத்தெருவில் தலைகாட்ட முடியுமா?

“யோவ் நெவில், நல்லா யோசிச்சுச் சொல்லு” என்று பெர்சி குழைந்தார். “டிரைதான்னு ஒரு வார்த்தை சொல்லு. இன்னைக்கே பேரை எழுதிடலாம்.”

“சொல்லித் தொலைங்களேன்” என்று ஐரீன் இடித்தாள். “என்கிட்ட நாப்பது வருஷமா பல்லு புடுங்கின கதை விட்டீங்க. இவங்ககிட்ட ஒண்ணு விட்டா குறைஞ்சா போயிடுவீங்க?”

நெவில் பலகையில் காலியாகக் கிடந்த பதின்மூன்றாவது இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு ஆசை அந்த முகத்தில்! “மத்த மூணும் அசல் டிரை. அதுக்காகப் பேரைப் போடுறதுன்னா போடுங்க. நாலாவது நழுவிடுச்சு. நழுவினதை நழுவலைன்னு எப்படிச் சொல்றது?”

கமிட்டியில் ஓட்டெடுப்பு நடந்தது. டெஸ் போக்சனுக்கு ஏழு கைகள், நெவிலுக்கு ஒன்றுமில்லை. அந்த ஏழில் ஒரு கை என்னுடையது. கிராக்டனை ஜெயித்த கதையைச் சொல்லிச் சொல்லியே கண்ணை மூடியவர் என் அப்பா. அதை என்னால் பொய்யாக்க முடியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது, இன்னும் இருக்கிறது.

பெர்சி பெயரை வாசித்தபோது, அடுத்தவருக்காக பஸ்ஸை நிறுத்திப் பழகின தோஷமோ என்னவோ, முதலில் கை தட்டியது நெவில்தான். அப்புறம் டெஸ்ஸிடம் போய்க் கையைக் குலுக்கி, “மூலைக் கொடின்னு சொல்லுய்யா இனிமே. யாராவது கேட்டா மாட்டிக்கப் போற” என்றான்.