ஆறுமுகநேரி சிவப்புத் தண்ணீரும் எங்கள் லேப் சீனியரும்

அக்டோபரில், வானம் கறுத்துக் கிடக்கும்போது, உப்பளம் பார்க்க யாரும் போவதில்லை. நான் போனேன். காரணம் எங்கள் லேப் சீனியர்.

உப்பளத்துச் சிவப்புத் தண்ணீரில் வாழும் பாக்டீரியாவிலிருந்து ஒரு என்சைமைப் பிரித்தெடுப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. கடும் உப்பில்தான் அது வேலை செய்யும். உப்பு போனால் அதோடு சரி. பாதி சுத்திகரித்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தேன். உதவுகிறேன் பேர்வழி என்று சீனியர் அதை டயாலிசிஸ் பையில் ஊற்றி, மற்ற என்சைம்களுக்குச் செய்வதுபோலவே உப்பில்லாத கரைசலில் ஊறப்போட்டு, இருந்த உப்பையெல்லாம் வெளியேற்றிவிட்டார். வந்து சோதித்தால் ஒன்றுமே இல்லை. "சாரி, பழக்க தோஷம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மழை இறங்கிவிட்டால் தை வரை சிவப்புத் தண்ணீர் கிடையாது. என் உதவித்தொகையோ டிசம்பரோடு முடிகிறது.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் பேருந்தில் ஆறுமுகநேரி முப்பது கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து உப்பளத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய். ஓட்டுநர் அண்ணாச்சி பாதி வழியில்தான் வாயைத் திறந்தார்.

"நேத்து நல்ல மழைல்லா. அங்கன ஒண்ணும் இருக்காதும்மா."

இதை ஏறும்போதே சொன்னால் என்ன?

அவர் சொன்னபடிதான் இருந்தது. பாத்தி பாத்தியாக வெளுத்த தண்ணீர். வரப்பில் நின்று சீனியரை வாய்க்கு வந்தபடி திட்டினேன், சத்தமாகவே. உப்புக் குவியலை ஓலையால் மூடிக்கொண்டிருந்த உப்பளத் தொழிலாளி ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். செல்வியக்கா என்று பெயர் பிறகுதான் தெரிந்தது.

"ஏளா, யாரை இந்த ஏச்சு ஏசுத?"

நடந்ததைச் சொன்னேன். கடைசிப் பாத்திக்குக் கூட்டிப் போனார்.

"மேல நின்ன மழைத்தண்ணிய காலையிலயே வடிச்சு விட்டுட்டேன். அடியில உள்ளது அப்படியே கெடக்கு. மோந்துக்கோ."

நல்ல சிவப்பு. கொண்டுபோயிருந்த கேனை நிரப்பினேன். நன்றி சொன்னதும் அவர் முகம் கடுகடுத்தது.

"இனி தை வரைக்கும் எனக்கு இங்கன வேலை கெடையாது. நீயாவது ஒரு ஆளை ஏசுத. நான் யாரைப் போயி ஏச? வானத்தையா?"



போக நினைப்பவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் போங்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள், நிழல் கிடையாது. காலில் புண் இருந்தால் பாத்தியில் இறங்க வேண்டாம். ஆட்டோவில் ஏறுமுன் மழை பெய்ததா என்று கேட்டுவிடுங்கள்.

திரும்பும் பேருந்தில் மழை பிடித்துக்கொண்டது. சீனியரிடமிருந்து செய்தி வந்தது: "வந்ததும் கேனை என்னிடம் கொடு, நானே பார்த்துக்கொள்கிறேன்." கேனை மடியில் இன்னும் இறுக்கிக்கொண்டேன். செல்வியக்காவுக்குத்தான் ஏச ஆளில்லை. எனக்கு இருக்கிறார், நாளைக் காலை லேபுக்கு வருவார்.