நாலு விரல் தண்ணீர்

இரத்தினம்மாவிடம் மூன்று தோணிகள் இருந்தன. முதலாவது, கணவர் தங்கராசா 1979இல் வேப்பம்பலகையில் கட்டியது. இருபத்து நான்கரை அடி நீளம். இரண்டாவது, அதே அளவில் 1986இல் கட்டியது. மூன்றாவதை 1992 பெப்ரவரியில் வாழைச்சேனையில் வாங்கி, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வந்தார்கள். போர்க்காலம், வழியில் ஒன்பது சோதனைச் சாவடிகள். ஒன்பதிலும் தோணியை இறக்கிக் கவிழ்த்துக் காட்ட வேண்டியிருந்தது. வீடு வந்து சேர்ந்தபோது தோணியைவிடத் தூக்கியவர்களின் தோள்தான் அதிகம் தேய்ந்திருந்தது.

தேற்றாத்தீவுக்கு மேற்கே வாவிக்கரையில் இருந்தது அவர்களுடைய புன்னையடித்துறை. அங்கிருந்து எதிரே படுவான்கரைக்கு ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவு. தரைவழியாகச் சுற்றினால் இருபத்தாறு மைல். அந்த வழியும் கிழமையில் பாதி நாள் மூடிக் கிடக்கும். 1987இல் தங்கராசாவுக்குத் தொய்வு என்னும் மூச்சிழுப்பு முற்றி, கம்பு ஊன்றித் தோணி தள்ள முடியாமல் போனது. அன்றிலிருந்து துறையை நடத்தியவர் இரத்தினம்மாதான். ஆண்கள் ஓட்டினால் இராணுவத்தினர் கரையில் மணிக்கணக்காக நிறுத்தி விசாரித்தார்கள். ஆகவே ஐந்து பெண்களுக்குக் கம்பு ஊன்றப் பழக்கினார். ஆறு ஆண்டுகளில் பிரசவத்துக்காக அக்கரையிலிருந்து வந்த பெண்கள் நாற்பத்தொரு பேர். அவர்களில் ஒருத்திக்கு மட்டும் நடு வாவியில் பிள்ளை பிறந்தது.

1993 மார்ச் முதலாம் திகதி இராணுவ முகாமிலிருந்து புதிய கட்டளை வந்தது. காலையில் இரண்டு மணி நேரம், பின்னேரம் இரண்டு மணி நேரம் மட்டும் தோணி ஓடலாம். மற்ற நேரங்களில் தண்ணீரிலிருந்து இருபது யார் தூரம் தள்ளி இழுத்து, ஒரே சங்கிலியில் பூட்டி, சாவியை முகாமில் ஒப்படைக்க வேண்டும். தண்ணீரிலேயே கிடந்து பழகிய மரம் நாளுக்கு இருபது மணி நேரம் கரையில் கிடந்தது. சித்திரை வெயில் ஏற ஏற, பலகைகள் சுருங்கி இடுக்குகள் வாய் திறந்தன.

ஏப்ரல் 19, திங்கட்கிழமை காலை, பதினேழு பேருடன் போன முதலாவது தோணிக்குள் நடு வாவியில் தண்ணீர் ஏறியது. சிரட்டையாலும் சாப்பாட்டுப் பெட்டியாலும் இறைத்துக்கொண்டே கரை சேர்ந்தார்கள். ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் காவலரணில் நின்ற அதிகாரி தூரதரிசினியால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு சிப்பாயை அழைத்து வந்து சொல்லச் சொன்னார்.

"இன்னொரு தரம் தோணிக்குள்ள தண்ணி வந்தா, துறை மூடும்."

மறுநாளே இரத்தினம்மாவும் கம்பு ஊன்றும் பெண்களும் வேலையில் இறங்கினார்கள். காய்ந்து கிடந்த தோணியின் இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, மரச்சுத்தியலால் அடித்து இறுக்கி, மேலே குங்கிலியம் உருக்கிப் பூசினார்கள். ஊசி நுழைய இடமில்லை.

மரநிழலில் இருந்த தங்கராசா கேட்டார்: "இரத்தினம், தோணி திருத்துறியா, தலகணி தைக்கிறியா?"

"நீங்க மூச்ச இழுத்து விடுற வேலையப் பாருங்க."

தோணி நான்கு நாள் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஓடியது. ஐந்தாம் நாள் காலை, ஆட்களை இறக்கிவிட்டு வெறுமையாக நின்றபோது, உள்ளே கிளை முறிந்தாற்போல் ஒரு சத்தம். பலகைகளைத் தாங்கும் வங்கு, தோணியின் விலா எலும்பு போன்ற கட்டை, குறுக்கே பிளந்திருந்தது. ஆணிகள் மூன்று வெளியே தள்ளி நின்றன.

காத்தான்குடியில் ஆதம்பாவா என்ற தோணித் தச்சர் இருந்தார். முதல் இரண்டு தோணிகளுக்கும் வங்கு வைத்தவர் அவர். இரத்தினம்மாவுக்கு அவர் ‘காக்கா’, அண்ணன் முறை. 1990 கொலைகளுக்குப் பிறகு முஸ்லிம் ஊர்களுக்கும் தமிழ் ஊர்களுக்கும் இடையே ஆள் போக்குவரத்து அற்றுப்போய், அப்போதுதான் மெல்லத் தொடங்கியிருந்தது. சொல்லி அனுப்பினால் வருவாரா என்பதே சந்தேகம். மே முதலாம் திகதி காலை, உளி, வாள் போட்ட சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸால் வந்து இறங்கினார். தோணியைச் சுற்றி வந்து விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஆரு இந்தப் பஞ்சடிச்ச?"

"நான்தான் காக்கா."

"நல்லா அடிச்சிரிக்காய் தங்கச்சி, கல்லு மாதிரி. அதுதான் பிழ. காஞ்ச மரம் தண்ணி குடிச்சா ஊதும். ஊத இடம் வெக்கல்ல நீ. பலகைக்குப் பலகை நெருக்கி வங்க முறிச்சிப்போட்டு."

"அடைக்காம விட்டா தண்ணி வருமே. துறைய மூடிருவாங்க."

"தோணி காயாட்டி இடுக்கு எங்கால வாற?"

"வெயிலுக்கதானே கிடக்கு. தண்ணிக்க விட அவங்க விடாங்களே."

"அப்ப தண்ணிய அள்ளித் தோணிக்க ஊத்து. நாலு விரல் ஆழம் போதும். கூடினா பாரம் தாங்காது. கிணத்துத் தண்ணி வேணாம், மரம் உக்கும். வாவித் தண்ணி. வெளியால ஈரச் சாக்குப் போடு."

தங்கராசாவுக்குப் பொறுக்கவில்லை. "தண்ணி வரப்படாதெண்டு அவன் சொல்றான். தண்ணிய ஊத்தெண்டு நீ சொல்றாய். நான் ஆருட சொல்லக் கேக்கிற?"

"நீ எந்த நாளில ஆருட சொல்லக் கேட்டாய், தங்கராசா?" என்றபடியே ஆதம்பாவா பஞ்சைப் பிடுங்கத் தொடங்கினார்.

இரண்டு நாள் தங்கிப் புது வங்கு வைத்துக் கொடுத்தார். மூன்றாம் திகதி பின்னேரம் மூன்று தோணிகளுக்குள்ளும் தண்ணீர் ஊற்றினார்கள். தோணிக்கு நாற்பது வாளிக்குக் குறையாமல் பிடித்தது.

மறுநாள் விடிந்ததும் சங்கிலியைத் திறக்க வந்த சிப்பாய்கள் திகைத்துப்போனார்கள். கரையில் கிடக்கும் தோணிக்குள் தண்ணீர்! அடியில் எதையோ ஒளித்திருக்கிறார்கள் என்று இரும்புக் கம்பியால் குத்திக் கிளறினார்கள். அதிகாரி வந்தார், சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இக்கரையில் முப்பத்தெட்டுப் பேர் காத்து நின்றார்கள். அக்கரையில் நின்றவர்களை எண்ண முடியவில்லை.

"மரத்துக்குத்தான் தண்ணி, மாத்தயா. மரம் குடிக்கிற," என்றார் இரத்தினம்மா.

சிப்பாய் அதை மொழிபெயர்த்தான். அதிகாரி அவனைத்தான் முறைத்துப் பார்த்தார்.

இரத்தினம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். காவலரண் மணல் மூட்டைகளில் ஒரு மண்வெட்டி சாய்ந்து கிடந்தது. போய் எடுத்து ஆட்டிக் காட்டினார். பிடியில் தலை கடகடவென்று ஆடியது. அதைக் கொண்டுவந்து, தலைப்பக்கம் நனையும்படி தோணித் தண்ணீருக்குள் கிடத்தினார்.

மொழிபெயர்த்த சிப்பாயின் முகம் மலர்ந்தது. அவன் வயல்காரன் பிள்ளை. "எங்க அப்பாவும் இப்பிடித்தான்! விதைக்க முதல் வாய்க்கால்ல போடுற!" என்று முதலில் இரத்தினம்மாவிடம் சொல்லிவிட்டு, பிறகு சிங்களத்தில் அதிகாரியிடம் நீளமாகச் சொன்னான்.

அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எத்தனை மணிக்கு இறுகும்?

"நாளைக் காலம பாருங்க."

அன்று முழுவதும் துறை மூடிக் கிடந்தது. மே 5, காலை ஆறரை மணிக்கு அதிகாரி மண்வெட்டியை எடுத்து ஆட்டினார். ஆடவில்லை. நிலத்தில் ஓங்கி ஒரு போடு போட்டுப் பார்த்தார். அப்போதும் தலை அசையவில்லை. ஆனாலும் அவர் அத்தோடு விடவில்லை. முதலாவது தோணியின் தண்ணீரை இறைக்கச் சொல்லி, பதினேழு பேரின் பாரத்துக்கு மணல் மூட்டை ஏற்றி, தானும் ஏறி உட்கார்ந்தார். இரத்தினம்மா நடு வாவிவரை தள்ளிப் போய்த் திரும்பினார். அதிகாரி வழி நெடுகக் குனிந்து, அடிப்பலகையைக் கையால் தடவிக்கொண்டே வந்தார். கரையில் இறைத்துப் பார்த்தபோது கிடைத்தது ஒன்றரைச் சிரட்டைத் தண்ணீர். அதுவும் கம்பிலிருந்து வடிந்ததுதான் என்று இரத்தினம்மா கடைசிவரை சாதித்தார்.

சாவி திரும்பி வந்தது. ஒரு நிபந்தனை: ஒவ்வொரு நாள் காலையும் வயல்காரச் சிப்பாய் தோணிக்குள் கைவைத்து அளப்பான், நாலு விரலுக்கு மேல் இருக்கக்கூடாது. அவனுடைய விரல்கள் தடிப்பமானவை. அதில் இரத்தினம்மாவுக்குக் கொஞ்சம் இலாபம்.

யூன் 7, அக்கரைக் கண்ணகையம்மன் கோயில் குளிர்த்தித் திருவிழா. அன்று மட்டும் காலை ஆறு முதல் மாலை ஆறுவரை ஓட அனுமதித்தார்கள். மூன்று தோணிகளும் முப்பத்தைந்து நடை போய், 588 பேரைக் கரை சேர்த்தன. ஒரு தோணியிலும் இறைக்க வேண்டி வரவில்லை. கடைசி நடை முடிந்து சங்கிலி பூட்டும்போது இரத்தினம்மா சொன்னார்:

"நாலாவதுக்கு மரம் பாக்கச் சொல்லி ஆதம்பாவா காக்காவுக்கு ஆள் அனுப்பிட்டன்."

"மூண்டுக்குத் தண்ணி அள்ளியே உன்ட கை வீங்கிப்போய்க் கிடக்கு. நாலாவதுக்கு ஆருகா ஊத்துற?" என்றார் தங்கராசா.

"தொய்வுக்காரர் ஒராள் சும்மாதானே இருக்கார். சின்ன வாளியா வாங்கித் தாறன்."

நாலாவது தோணி 1994 ஓகஸ்ட் 22ஆம் திகதி வாவியில் இறங்கியது. அன்று பின்னேரம் அதைக் கரையில் இழுத்துப் பூட்டியபின், தங்கராசா சின்ன வாளியால் தண்ணீர் ஊற்றினார். இருந்து இருந்து மூச்செடுத்து, எழுபத்திரண்டு வாளி.