வெளியே நின்று பார்க்காத மெக்கானிக்

லிஃப்ட் மெக்கானிக் லேசில் யாரையும் நம்பிவிட மாட்டார். பழுது பார்த்த லிஃப்டை, ஒவ்வொரு மாடியிலும் வெளியே நின்று பொத்தானை அழுத்திப் பார்க்காமல் ஒப்படைத்ததே இல்லை. அப்படிப்பட்டவர் இணையத்தில் தமக்கென்று ஒரு முகவரிப் பெயரை (டொமைன்) விலைக்கு வாங்கினால், அந்தப் பெயரைத் தேடுகிறவர்களுக்கு வழி சொல்லும் சர்வரை ஊர்பேர் தெரியாத கம்பெனியிடம் விடுவாரா? இரண்டு பழைய கணினிகளைத் துணி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்து, வீட்டு இணைப்பிலேயே தாமே நடத்தினார். மனைவியின் மின்னஞ்சலும் அந்தப் பெயரில்தான். இதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

மனைவி மொழிபெயர்ப்பாளர். இரண்டு வருடமாக வேலையில்லை. ஒரு பதிப்பகத்தில் நேர்காணல் நன்றாக நடந்தது. திங்கட்கிழமை மின்னஞ்சல் அனுப்புவதாகச் சொன்னார்கள். அன்று காலைதான் இணைப்புக்காரர் வந்து மோடத்தை மாற்றிவிட்டுப் போயிருந்தார்.

செவ்வாய்க்கிழமை அவள் கேட்டாள். "ஏங்க, ஒரு மெயிலும் வரலையே. உங்க பெட்டியெல்லாம் ஓடுதா?"

"இதோ பாரு." தம் கணினியிலிருந்து ஒன்று அனுப்பினார். கண் மூடித் திறப்பதற்குள் வந்து விழுந்தது. புதன், வியாழனும் அதே கேள்வி, அதே சோதனை.

"அவங்க அனுப்பினாத்தானே வரும்," என்றார் எரிச்சலாக.

வெள்ளிக்கிழமை பொறுக்கமாட்டாமல் பதிப்பகத்துக்கு போன் போட்டாள். கையோடு, வேலைக்குப் போயிருந்த அவரையும் அழைத்தாள்.

"திங்கட்கிழமையே அனுப்பிட்டாங்களாம். நேத்து சாயங்காலம் வரைக்கும் பதிலுக்குக் காத்திருந்து, வேற ஆளை எடுத்துட்டாங்களாம்."

ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் நின்றிருந்தவர், தம் இணையப் பெயரைக் கைபேசியில் தேடினார். கிடைக்கவில்லை. மறுபடி தேடினார். இல்லவே இல்லை. மோடம் மாறியதும் வீட்டு இணைப்பின் முகவரி எண்ணும் (ஐ.பி.) மாறியிருந்தது. உலகம் நான்கு நாளாகப் பழைய எண்ணில் யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டிருக்க, இவர் வீட்டுக்குள்ளேயே அனுப்பி வீட்டுக்குள்ளேயே வாங்கி, எல்லாம் சரி என்று சத்தியம் செய்திருக்கிறார்.

விழுந்தடித்து வீட்டுக்கு ஓடி, பெயர்ப் பதிவில் எண்ணைத் திருத்தினார். ஒரு மணி நேரத்தில், வழி தெரியாமல் அனுப்பியவர்களின் சர்வர்களிலேயே காத்திருந்த கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. மூன்றாவது, பதிப்பகத்துடையது. தங்களைத் தேர்ந்தெடுத்துள்ளோம், வியாழன் மாலைக்குள் பதில் தரவும் என்றிருந்தது.

அவள் நின்றபடியே படித்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார், கத்தியிருந்தால் தேவலை.

"லிஃப்டா இருந்தா வெளியே நின்னு பார்த்திருப்பீங்க இல்ல?" என்றாள்.